டாக்டரம்மா பதில்கள்: சீனி வியாதியும் பித்தப்பைக் கல்லும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் பித்தப்பைக் கல் பற்றி ஒரு வாசகிக்கு நான்கே வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "எங்களுக்குச் சீனியும் இருக்கிறதே, அப்போது என்ன செய்ய?" நான்கு வரியில் முடித்தது என் தவறு. இந்த முறை எனக்குத் தந்திருக்கும் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

என் மாமியாருக்கு 62 வயது. 14 வருடமாகச் சீனி வியாதி. போன தை மாதம் ஒரு மறுவீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்டார். அன்று ராத்திரி ஒரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி விடியும்வரை விடவில்லை. சித்திரையில் மறுபடியும் அதே வலி. ஸ்கேனில் பித்தப்பையில் நிறையக் கல் என்று வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.6. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். "சீனிக்காரிக்குக் கத்தி வைத்தால் புண் ஆறாது" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்ல, அத்தை பயந்துபோய் வரமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
— மருமகள், கல்லிடைக்குறிச்சி

உங்கள் அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் பயப்பட வேண்டியது ஆபரேஷனுக்கு இல்லை, தள்ளிப்போடுவதற்கு. இதை நான் புத்தகத்தில் இருந்து மட்டும் சொல்லவில்லை.

2004-ல் என் அம்மாவுக்கு 66 வயது. வீரவநல்லூரில் தனியாக இருந்தார். இருபது வருடச் சீனி. ஸ்கேனில் கல் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை கடுமையாக வலித்தும் இருந்தது. "பொங்கல் கழியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும்" என்று அம்மா சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். பங்குனியில் ஒருநாள் போனில் பேசும்போது, "பசியே இல்லட்டி, ரெண்டு நாளா கஞ்சிதான் குடிக்கேன், வாய்வா இருக்கும்" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல, லேசா கனமா இருக்கு" என்றார். பக்கத்தில் ஒரு மருத்துவர் வாயுவுக்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தார். நானும் ஓமத்திரவம் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மூன்றாம் நாள் சர்க்கரை 340, காய்ச்சல், பேச்சு குழறியது. வயிற்றைத் திறந்த என் நண்பர் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். நல்ல பித்தப்பை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் பளபளவென்று இருக்கும். அம்மாவுடையது அழுகின கத்திரிக்காய் மாதிரி கறுத்துக் கிடந்தது. தொட்ட இடத்தில் பிய்ந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அதில் ஆறு நாள் ஐசியூவில் இருந்து. வலித்த மறுமாதமே செய்திருந்தால் இரண்டாம் நாள் வீட்டுக்குப் போயிருப்பார்.

சீனி இருப்பவர்களுக்கு இப்படி ஆவதற்குக் காரணம் இருக்கிறது. பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன ரத்தக் குழாய்தான். அதற்கு மாற்று வழி கிடையாது. பல வருடச் சீனி சின்னக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். கல் அடைத்துப் பை வீங்கும்போது அந்தக் கொஞ்ச ரத்தமும் நின்றுபோய்ச் சதை செத்துவிடும். சர்க்கரை ஏறி இருக்கும்போது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்கும் சுறுசுறுப்பு போதாது. எல்லாவற்றையும்விட மோசமானது, பாதத்தில் மரத்துப்போகிற மாதிரியே வயிற்று உறுப்புகளின் நரம்பும் மந்தமாகிவிடுவது. உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது வெளியே "லேசா கனமா இருக்கு" என்றுதான் தெரியும். உங்கள் அத்தைக்கு இரண்டு தடவை நன்றாக வலித்தது ஒரு வகையில் நல்லது. அடுத்த தடவையும் அப்படியே வலிக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

சரி, ஆபரேஷனில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. யாருக்குச் செய்தாலும் 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்குப் பித்தக் குழாயில் காயம் பட வாய்ப்பு உண்டு. நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். கேமரா வைத்து ஆரம்பித்து, உள்ளே ஒட்டிப்போய்க் கிடந்தால், வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டிவரும். நாள் குறித்து நிதானமாகச் செய்யும்போது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இப்படி ஆகும். பழுத்து வீங்கிய பிறகு போனால் இது பல மடங்கு. இத்துடன் சீனிக்காரர்களுக்கென்று கூடுதலாக வருபவை: தொப்புள் ஓட்டையில் சீழ், நெஞ்சுச் சளி, சிறுநீரகம் தளர்வது, இதயக் கோளாறு. இவை நான்குமே ஆபரேஷன் அன்று சர்க்கரை எப்படி இருந்தது, அவசரமாகச் செய்தார்களா நிதானமாகச் செய்தார்களா என்பதைப் பொறுத்தே கூடும், குறையும்.

புண் ஆறாது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பழைய ஆபரேஷன். நான் ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில், படித்த காலத்தில் விலா ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித்தான் எடுப்பார்கள். அந்த வெட்டு சீனிக்காரர்களுக்குப் பிரிந்துபோய் மாதக்கணக்கில் கட்டு மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். 1985-ல் ஜெர்மனியில் முதன்முதலாகக் குழாய் வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இப்போது நான்கு ஓட்டைகள். பெரியதே ஒரு கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. சீனி இருப்பவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தால் லாபம் அதிகம்.

ஆனால் 9.6-ஐ வைத்துக்கொண்டு நாளைக்கே போய்ப் படுக்கவும் வேண்டாம். 8-க்குக் கீழே வந்தால் எங்களுக்கு நிம்மதி. அதற்காக ஆறு மாதம் காத்திருப்பதும் தப்பு, இடையில் மறுபடியும் வலி வந்துவிடும். மூன்று மாதக் கணக்கு மெதுவாகத்தான் இறங்கும். அன்றாடச் சர்க்கரையை மூன்று, நான்கு வாரத்தில் இறக்கிவிடலாம், தேவைப்பட்டால் தற்காலிகமாக இன்சுலின் போட்டு. வெறும் வயிற்றில் 130-ஐ ஒட்டி, சாப்பிட்ட பின் 180-ஐத் தாண்டாமல் வந்துவிட்டால் நாள் குறிக்கலாம். ஆபரேஷன் அன்றும் மறுநாளும் 100-க்கும் 180-க்கும் இடையில் வைத்திருப்பது எங்கள் வேலை. இந்த வாரங்களில் சொதி, தேங்காய்ப்பால், வடை, நெய் எதுவும் வேண்டாம். கொழுப்பு உள்ளே போனதும்தான் பித்தப்பை சுருங்கிக் கல்லை வாயில் கொண்டுபோய் அடைக்கும். மறுவீட்டு ராத்திரியில் வலித்ததற்கு இதுதான் காரணம்.

அப்புறம், இசிஜி, எக்கோ கண்டிப்பாக எடுக்க வேண்டும். மேல் வயிற்று வலி என்று வந்து மாரடைப்பாக முடிந்தவர்கள் உண்டு. சீனிக்காரர்களுக்கு இதயமும் சத்தம் போடாமலே பழுதாகும்.

இதற்கிடையில் வலி வந்து ஐந்து, ஆறு மணி நேரம் விடாமல் இருந்தாலோ, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், காரணம் தெரியாமல் ஏறும் சர்க்கரை, இவற்றில் ஒன்று இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பெல்லாம் மருந்து கொடுத்து ஆறவைத்து ஆறு வாரம் கழித்துச் செய்வோம். இப்போது உடம்பு தாங்கும் என்றால் வலி தொடங்கிய மூன்று நாளுக்குள் எடுத்துவிடுவதுதான் நல்லது என்று தெரிந்திருக்கிறது. பணம் யோசனையாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சேருவதற்கு முன்பே அட்டையை ஆஸ்பத்திரியில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் அத்தையை ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மருத்துவர் எதிரில் உட்காரவைத்து, பயத்தை எல்லாம் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டு வந்து சொல்வதைவிட அது நல்லது.

எனக்கு 48 வயது. மாவு மில் வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாகச் சீனி, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் 8 மில்லிமீட்டரில் ஒரு கல் இருப்பது தெரிந்தது. இதுவரை வலித்ததே இல்லை. சீனி இருப்பதால் முன்கூட்டியே எடுத்துவிடலாமா?
— வாசகர், வள்ளியூர்

வேண்டாம். மேலே என் அம்மா கதையைப் படித்துவிட்டு நாளைக்கே ஓடாதீர்கள். அம்மாவின் கல் ஒரு தடவை வலித்த கல், உங்களுடையது வலிக்காதது. ஒரு காலத்தில் சீனி இருந்தால் வலிக்காத கல்லையும் எடுத்துவிடு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வருடக்கணக்கில் பலரைக் கவனித்துப் பார்த்ததில், வலிக்காத கல் நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் ஒரு வருடத்தில் தொந்தரவு தருகிறது என்று தெரிந்தது. அதற்காக எல்லோரையும் மேஜையில் படுக்கவைப்பது சரியில்லை. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கூடவே 1 சென்டிமீட்டர் சதை வளர்ச்சி இருந்தாலோ விஷயம் வேறு.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் கல் இருப்பதைச் சொல்லி, அந்த ஸ்கேன் காகிதத்தைச் சீனி நோட்டுக்குள்ளேயே வையுங்கள். என்றைக்காவது நீங்கள் காய்ச்சலில் கிடந்தால் அது உதவும்.

தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் குடித்தால் பித்தப்பைக் கல் கரையுமா? இன்னொருவர் ஆப்பிள் ஜூஸ், எண்ணெய், பேதி உப்பு குடித்து ஒரே ராத்திரியில் நூறு கல் வெளியேறியதாகச் சொல்கிறார்.
— வாசகி, களக்காடு

வாழைத்தண்டும் சிறுபீளையும் நம் ஊரில் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற மருந்துகள். சிறுநீரகம் வேறு, பித்தப்பை வேறு. குடிக்கிற தண்ணீர் சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது. பித்தப்பைக்குள் அது போவதே இல்லை. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து சீனிக்கு நல்லது. கல் கரையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணெய் குடித்த மறுநாள் பச்சைப் பச்சையாக வருவது கல் இல்லை. குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டு வருவது. பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். அத்தனை எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை இறுகச் சுருங்கி, நிஜக் கல் போய்க் குழாயில் அடைக்கலாம். அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் வரை போகும். தயவுசெய்து செய்யாதீர்கள். சீனி மருந்து எடுப்பவர் ஜூஸ் குடித்துச் சர்க்கரையை ஏற்றி, பேதி உப்பில் உடம்பு நீரை இழப்பது இன்னும் மோசம்.

கல்லைக் கரைக்க ஆங்கில மருத்துவத்திலும் ஒரு மாத்திரை இருக்கிறது. அது சின்னச் சின்னக் கொழுப்புக் கற்களுக்கு மட்டும்தான், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்பி வந்துவிடும். வட இந்தியாவில் மஞ்சளாகக் கொழுப்புக் கற்கள் அதிகம். நம் தெற்கில் கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்கள்தான் நிறைய, அவற்றை அந்த மாத்திரை தொடவே தொடாது. ஆபரேஷன் முடிந்ததும் கல்லைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சொந்தக்காரர்களிடம் கொடுப்போம். "என்னம்மா, மிளகை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். மிளகேதான், விரலால் நசுக்கினால் கரியாக உதிரும்.

அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். மூன்று விதச் சீனி மாத்திரை சாப்பிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி நிறுத்தினால் போதும்தானே?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. நீங்களாக முடிவு செய்யக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் சில இடங்களில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மெட்ஃபார்மின் பொதுவாக ஆபரேஷன் அன்று காலையில் வேண்டாம். கிளைமிப்பிரைடு போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அதுவும் அன்று காலை வேண்டாம். நான் அதிகம் கவலைப்படுவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் பற்றித்தான். இவற்றை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினியோடு மேஜைக்கு வந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். அப்போது சர்க்கரை அளவு 160, 180 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும், அதனால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வாங்கி, வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவரிடம் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

வாரம் ஒரு ஊசியாக செமாகுளூடைட் போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் தங்கி, மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். ராத்திரி போடும் நீண்டநேர இன்சுலினை அடியோடு நிறுத்தாமல் அளவைத்தான் குறைப்பார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாத மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

பெயர் நினைவில்லை என்றால் சிரமப்பட வேண்டாம். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து தருவது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுங்கள். என் நோயாளிகள் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் ஆபரேஷனாகக் காலையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். பட்டினி நேரம் குறையும்.

அப்பாவுக்கு 71 வயது, 25 வருடச் சீனி, இதயமும் பலவீனம். வலி என்று சொல்லவே இல்லை, காய்ச்சலும் மயக்கமுமாகக் கொண்டுபோனோம். பித்தப்பையில் சீழ், சுவரில் காற்று என்றார்கள். ஆபரேஷன் செய்யாமல் வெளியிலிருந்து ஒரு குழாயை மட்டும் சொருகிச் சீழை எடுத்து அனுப்பிவிட்டார்கள். செலவுக்குப் பயந்து அரைகுறையாகச் செய்துவிட்டார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
— மகன், திசையன்விளை

அப்படி நினைக்காதீர்கள், அவர்கள் செய்தது சரி. பித்தப்பைச் சுவருக்குள்ளேயே காற்றை உண்டாக்கும் கிருமி வந்து தாக்குவது, பெரும்பாலும் உங்கள் அப்பா மாதிரி வயதான, சீனி உள்ள ஆண்களைத்தான். நன்றாக இருப்பவர் என்றால் உடனே எடுத்துவிடுவோம். இதயம் பலவீனமாகி, ரத்த அழுத்தமும் இறங்கிக் கிடப்பவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே இழந்துவிடக் கூடும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் சொருகிச் சீழை வடித்தால், ஓரிரு நாளில் காய்ச்சல் விடும், சர்க்கரையும் தானாகவே இறங்கும். உடம்பு தேறிய பிறகு, வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, இதய மருத்துவரையும் கேட்டுக்கொண்டு எடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள்.

அதுவரை அந்தக் குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது இழுபடாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவையுங்கள். பையில் தினமும் எவ்வளவு வடிகிறது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வடிவது திடீரென்று நின்று காய்ச்சல் வந்தாலோ, குழாய் வெளியே வந்துவிட்டாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பீடி சுற்றுகிறேன். வயது 44, சீனி உண்டு. பித்தப்பை எடுத்து 9 நாள் ஆகிறது. எப்போது வேலைக்கு உட்காரலாம்? இனி வாழ்நாள் முழுக்கப் பத்தியமா? தோள்பட்டை ஏன் வலிக்கிறது? கல்லை எடுத்ததால் சீனி குறையுமா?
— சகோதரி, முக்கூடல்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: குறையாது அம்மா. சீனி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கஞ்சியும் இட்லியுமாகக் கொஞ்சமாகச் சாப்பிட்டதால் அளவு இறங்கித் தெரியும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறும்.

வாழ்நாள் பத்தியம் கிடையாது. பித்தம் சுரப்பது கல்லீரலில், தினமும் அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதைச் சேர்த்து வைத்த தொட்டி மட்டும்தான். தொட்டி இல்லாததால் இனி பித்தம் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் ஒரு மாதம் வேண்டாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகிப் போகும். அது நிற்காவிட்டால் வாருங்கள், மருந்து இருக்கிறது. தோள்பட்டை வலி, கேமரா வைக்க வயிற்றுக்குள் ஊதிய காற்றால் வருவது. அது இரண்டு மூன்று நாளில் போயிருக்க வேண்டும். ஒன்பதாம் நாளிலும் வலிக்கிறது என்பதால், கூடவே காய்ச்சல், வயிற்று வலி, கண் மஞ்சள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஆபரேஷன் செய்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். பீடி சுற்றும்போது மடியில் சுளகை வைத்துக்கொண்டு குனிந்து உட்காருவீர்கள். சுளகின் விளிம்பு சரியாகத் தொப்புள் மேல் அழுத்தும். சீனி உள்ளவர்களுக்குச் சீழ் பிடிக்கிற ஓட்டையும் அந்தத் தொப்புள் ஓட்டைதான், பையை அந்த வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே இழுக்கிறோம். தொப்புளைத் தினமும் கண்ணாடியில் பாருங்கள். சிவந்து, சூடாக, ஈரம் கசிந்தால் உடனே காட்டுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை எதுவும் வைக்காதீர்கள், சுத்தமான தண்ணீரும் சோப்பும் போதும். புண் முழுவதும் காயும்வரை ஆற்றுக் குளியலும் வேண்டாம். காய்ந்துவிட்டது என்றால் பதினைந்தாம் நாளிலிருந்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று உட்காரலாம், சுளகைச் சின்ன மணை மேல் வைத்துக்கொண்டு. தண்ணீர்க் குடம் இடுப்பில் தூக்குவதை மட்டும் ஆறு வாரத்துக்கு வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கடைக்கு இலையும் கட்டும் சுமந்து போவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.